கழுத்து முறிந்த பேஸ் கிற்றார்: பிரித்து, ஒட்டி, மீண்டும் சுருதி சேர்ப்பது வரை

ஒரு திருவிழா இரவு. மேடைக்குப் பின்னால் தகர வேலியில் சாத்தி வைத்திருந்த பேஸ் கிற்றார் சரிந்து விழுந்தது. தவில் நடந்துகொண்டிருந்ததால் விழுந்த சத்தம் எவருக்கும் கேட்கவில்லை. பைக்குள் இருந்ததால் உடனே எவரும் திறந்து பார்க்கவும் இல்லை. மறுநாள் காலை பையைத் திறந்தபோது, தலைப்பகுதி கழுத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும், திருகிவிட்ட கோழியைப்போல் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. சொந்தக்காரர் அதை எனக்கு 9,000 ரூபாவுக்குத் தந்தார். “அம்ப்ளிபயரையும் சேர்த்து எடுக்கிறீர்களா?” என்று கேட்டார். அவர் வாசிப்பையே விட்டுவிடும் மனநிலையில் இருந்தார்.

யாழ்ப்பாணத்தில் பழைய பேஸ் கிற்றார்கள் பெரும்பாலும் இப்படித்தான் கைமாறுகின்றன. வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து விட்டுப்போனது, கலைந்துபோன இசைக்குழுவினுடையது, தேவாலயப் பாடகர் குழு புதியது வாங்கியபின் அலுமாரிக்கு மேலே ஏற்றியது. மரமும், தந்தியின் அதிர்வைப் பிடித்து அம்ப்ளிபயருக்கு அனுப்பும் பிக்கப்பும் நன்றாகவே இருக்கும். கழுத்துதான் கெட்டிருக்கும். அந்தக் கழுத்தை வீட்டு விறாந்தையில் வைத்து எப்படிச் சரிசெய்வது என்பதை, நான் செய்து கெடுத்தவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கழுத்து எதைத் தாங்குகிறது

வழக்கமான பேஸ் கிற்றாரில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீற்றர். 1951 இல் பெண்டர் நிறுவனம் பிரெசிஷன் பேஸை வெளியிட்டபோது வைத்த அளவு இது. இன்றும் பெரும்பாலானவை அதே அளவுதான். நடுத்தரத் தடிப்புள்ள நான்கு தந்திகளையும் முழுச் சுருதிக்கு ஏற்றினால் கழுத்தின் மீது விழும் மொத்த இழுவை ஏறக்குறைய 75 முதல் 80 கிலோ. ஒன்றரை மூட்டைச் சீமெந்தை அந்த ஒல்லி மரத்தில் இரவும் பகலும் தொங்கவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

இந்த இழுவையை எதிர்ப்பதற்காகவே கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. அதன் பெயர் டிரஸ் ரொட். கிப்சன் நிறுவனத்தில் இருந்த தடியஸ் மக்ஹியூ என்பவரின் பெயரில் 1923 இல் இதற்குக் காப்புரிமை கொடுக்கப்பட்டது. தந்தி கழுத்தை முன்னுக்கு வளைக்கும். ரொட்டை இறுக்கினால் அது பின்னுக்கு இழுக்கும். இரண்டும் சமப்படும்போது கழுத்து ஏறக்குறைய நேராக, மிகச் சிறிய ஒரு குழிவுடன் நிற்கும். கழுத்துப் பழுது என்று நாம் சொல்வது அனேகமாக இந்தச் சமநிலை குலைந்ததைத்தான். மரம் பிளந்திருந்தாலும் கதை அதுவே: தாங்க வேண்டியது தாங்கவில்லை.

முதலில் நோய் எதுவென்று பாருங்கள்

பழுதுபார்க்கிறேன் என்று தொடங்குபவர்களில் பாதிப்பேர் இதைத் தாண்டிப்போய் நேரே அரத்தைக் கையில் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். முதலாவது கிற்றாரில் கழுத்து வளைந்திருந்ததை அறியாமல், தந்தி உரசுகிறதென்று பிரெட்டுகளைத் தேய்த்துத் தேய்த்து ஐந்தாறு பிரெட்டுகளை நாசமாக்கினேன். ரொட்டைக் கால் சுற்றுத் திருப்பியிருந்தால் போதும் என்பது பின்னர்தான் தெரிந்தது. (பிரெட் என்று எழுதினால் எங்களுக்குக் குழப்பமில்லை, சாப்பிடுவதை நாங்கள் பாண் என்றுதானே சொல்கிறோம். வீணையில் மெட்டு எதுவோ, கிற்றாரில் பிரெட் அது.)

தந்திகள் சுருதியில் இருக்கும்போதே பார்க்க வேண்டியவை சில. தலைப்பகுதி உடைந்திருந்தால் இதைச் செய்யக்கூடாது. தந்திகளை உடனே தளர்த்திவிட்டு, கீழே தலைப்பகுதிக் கோட்டைப் பற்றிய பத்திக்குப் போங்கள்.

தடித்த தந்தியை முதலாம் பிரெட்டில் ஒரு விரலாலும் கடைசிப் பிரெட்டில் மற்றக் கையாலும் அழுத்துங்கள். இழுபட்ட தந்தி நேர்கோடு. அதைவிட நல்ல அளவுகோல் கடையில் கிடையாது. இப்போது ஏழாம் எட்டாம் பிரெட்டுகளுக்கு மேலே தந்திக்கும் பிரெட்டுக்கும் இடையிலுள்ள வெளியைப் பாருங்கள். 0.25 முதல் 0.35 மில்லிமீற்றர் இருந்தால் நலம். அளக்க பைக் திருத்துபவரிடம் இருக்கும் டப்பெட் கேஜ் போதும். அதுவும் இல்லையென்றால் போட்டோகொப்பிக் கடைச் சாதாரணத் தாள் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர், மூன்று தாளை அடுக்கிச் செருகினால் மெல்ல உரசிக்கொண்டு போக வேண்டும். வெளி ஒரு மில்லிமீற்றருக்கு மேல் என்றால் கழுத்து முன்னுக்கு வளைந்துவிட்டது. இடைவெளியே இல்லை, தந்தி எல்லாப் பிரெட்டிலும் படுத்துக் கிடக்கிறது என்றால் பின்னுக்கு வளைந்துவிட்டது.

முறுக்கலைக் கண்டுபிடிக்க இரண்டு உருக்கு அடிமட்டங்கள் வேண்டும். ஒன்றை முதலாம் பிரெட்டிலும் மற்றதைக் கடைசிப் பிரெட்டிலும் குறுக்கே நிறுத்தி வையுங்கள். தச்சர் பலகையின் ஓட்டம் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டின் மேல் விளிம்புகளையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து பாருங்கள். விளிம்புகள் சமாந்தரமாக இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் உயர்ந்தால் கழுத்து முறுகியிருக்கிறது. நோய்களில் பொல்லாதது இதுதான். இன்னும் வாங்காத கிற்றார் என்றால் இந்த இடத்தில் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

தலைப்பகுதியில் கோடு தெரிந்தால் அது பூச்சில் மட்டுமா, மரத்திலுமா என்று அறிய வேண்டும். தலையைப் பின்பக்கமாக மிக மெதுவாக, ஒரு வயலினைத் தொடும் பலத்தில், அழுத்திப் பாருங்கள். கோடு வாய் திறந்து மூடினால் மரம் பிளந்திருக்கிறது. அசையவில்லையென்றால் விரல் மூட்டால் தட்டுங்கள். முழு மரம் ‘டொக்’ என்னும், பிளந்த மரம் சளசளக்கும். கோட்டைத் தெளிவாகக் காண்பதற்காக மண்ணெண்ணெய் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எண்ணெய் ஊறிய மரத்தில் பசை பிடிக்காது.

பிளவு எப்படி ஓடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மரத்தின் நார் வழியே ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் நீண்டு சாய்வாகப் போயிருந்தால் மகிழ்ச்சியடையலாம்: ஒட்டுவதற்குப் பரப்பு நிறைய இருக்கிறது. கரும்பை முறித்ததுபோல் குறுக்கே அறுந்திருந்தால் பசை மட்டும் தாங்காது. உள்ளே வேறு மரத்துண்டு பதிக்க வேண்டும். கிப்சன் வகைக் கிற்றார்களில் தலை 17 பாகை வரை பின்னுக்குச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வில் மரத்தின் நார் குட்டையாக வெட்டுப்படும். ரொட்டுக்காகத் தோண்டிய குழியும் அங்கேதான் இருக்கும். பாரமான நான்கு சுருதிச் சாவிகளையும் சுமந்துகொண்டு விழும்போது முறிவதற்கு அதைவிட வசதியான இடம் இல்லை. பெண்டர் வகையில் தலை கழுத்தோடு சமாந்தரமாக இருப்பதால் இந்த முறிவு குறைவு.

கைக்கெட்டும் சாமான்கள்

வெளிநாட்டு லூதியர் (கிற்றார் செய்து திருத்துபவர்) கடைகளின் பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம். மரவேலைக்கென்று விற்கும் மஞ்சள் நிறப் பசை கிடைத்தால் அதுவே முதல் தெரிவு. கிடைக்காவிட்டால் பைண்டர் கம் என்று கேட்டால் எந்த ஹாட்வெயாரிலும் தரும் வெள்ளைப் பசை, புதிய போத்தலாக. இரண்டு ஜி கிளாம்ப். பார்மசியில் பத்து மில்லிலீற்றர் சிரிஞ்சும் தடித்த ஊசியும். சோற்றுப் பார்சல் சுற்றும் லஞ்ச் ஷீட். பசை அதில் ஒட்டாது. சைக்கிள் பம்ப். அலன் சாவித் தொகுதி இரண்டு, ஒன்று மில்லிமீற்றரிலும் மற்றது அங்குலத்திலும். அலுமினியக் கதவு யன்னல் செய்யும் இடத்தில் வெட்டித் தள்ளிய பெட்டிக் குழாயில் இரண்டடித் துண்டு. கஸ்தூரியார் வீதிப் பக்கம் நகைவேலை செய்பவர் எவரையேனும் தெரிந்திருந்தால், அவர் கழித்துவிட்ட சிறிய முக்கோண அரம் ஒன்று.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு பழைய சைக்கிள் ரியூப். யாழ்ப்பாணத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு இனி முடியாது என்று கழித்த ரியூபை நீளவாக்கில் ஓர் அங்குல அகலப் பட்டிகளாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வளைந்த, உருண்ட, கிளாம்ப் வழுக்கிவிழும் எந்த வடிவத்தையும் அது அணைத்துப் பிடிக்கும். கிற்றார்க் கழுத்தின் பின்புறம் அப்படிப்பட்ட வடிவந்தான்.

முறிந்த தலையை ஒட்டுதல்

தந்திகளைக் கழற்றுங்கள். சுருதிச் சாவிகள் நான்கையும் கழற்றுங்கள். அவற்றின் பாரம் தலையைத் தொங்கவைத்துப் பிளவை அகட்டும். டிரஸ் ரொட்டின் மூடியை எடுத்து, ரொட்டை முழுதாகத் தளர்த்துங்கள். இதை மறந்தால், இறுகியிருக்கும் ரொட் நீங்கள் மூட முயலும் பிளவை உள்ளிருந்து தள்ளிக்கொண்டேயிருக்கும். பிளவு தந்தி நட்டின் (தலையும் கழுத்தும் சேருமிடத்தில் தந்திகள் படிந்து செல்லும் சிறு குறுக்குத் துண்டின்) கீழே போனால் நட்டையும் பக்கவாட்டில் மெல்லத் தட்டி எடுத்துவிடுங்கள். உடலோடு ஸ்குரூவால் பூட்டிய போல்ட் கழுத்தென்றால் உடலிலிருந்து பிரித்துத் தனியே மேசையில் வைப்பது இன்னும் வசதி.

உடைந்த முகங்களை அரத்தாளால் தேய்க்கவே கூடாது. மரம் பிய்ந்த இடத்தில் ஆயிரம் சிறு நார்கள் பல்லுக்குப் பல் பொருந்துவதற்குக் காத்திருக்கின்றன. தேய்த்தால் பற்கள் போய்விடும், பின்னர் இரண்டு துண்டும் ஒன்றையொன்று அடையாளம் காணாது. பழைய பல்துலக்கியால் தூசியை மட்டும் தட்டுங்கள். பிளவுக்குள் மடிந்து கிடக்கும் சிம்புகளை ஊசியால் நிமிர்த்துங்கள்.

முன்னொருவர் ஒட்டிப் பார்த்த கிற்றார் என்றால் வேலை இரட்டிப்பாகும். வெள்ளைப் பசை வெந்நீருக்கும் சூடான வினாகிரிக்கும் இளகும். சுப்பர் குளூ நகப்பூச்சு நீக்கும் அசிற்றோனுக்கு இளகும், ஆனால் அது பூச்சையும் தின்றுவிடும். எனக்கு வந்த இன்னொரு கழுத்தில் யாரோ அரல்டைட்டை வாரி அப்பி, அதற்கு மேல் நான்கு ஸ்குரூவையும் ஏற்றியிருந்தார்கள். அதைப் பிரிக்க மூன்று மாலைகள் சென்றன. ஆகவே சுப்பர் குளூவின் மீது ஆசை வைக்காதீர்கள். நீங்கள் பொருத்தி முடிக்குமுன் அது இறுகிவிடும். பிழைத்தால் திருத்தவும் விடாது. மரம் உதிர்ந்து உண்மையாகவே இடைவெளி இருக்கும் இடத்துக்குத்தான் அரல்டைட்.

பசையில்லாமல் ஒருமுறை முழு ஒத்திகை பாருங்கள். முன்பக்கம் தட்டையான பலகைத் துண்டு, பின்பக்கம் கழுத்தின் வளைவுக்கேற்ப ரப்பர் ஒட்டிய துண்டு, இரண்டுக்கும் லஞ்ச் ஷீட் சுற்றியிருக்கட்டும். கிளாம்பை இறுக்கும்போது சாய்வான பிளவு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கும். எந்தப் பக்கம் வழுக்குகிறது, எங்கே விரலால் தடுத்துப் பிடிக்க வேண்டும் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் வெயிலில் பசை ஐந்து நிமிடத்துக்குள் தோல் கட்டத் தொடங்கிவிடும். யோசிக்க நேரம் தராது. நான் இந்த வேலையைக் காலை ஆறரைக்குச் செய்வேன். வெக்கை இல்லை, எவரும் தொலைபேசியில் அழைப்பதுமில்லை.

ரொட்டின் மரையிலும், அலன் சாவியால் திருப்பும் முறுக்குத் தலையிலும் மெழுகுதிரியை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். பசை அங்கே வடிந்து இறுகினால் கழுத்து ஒட்டியிருக்கும், ரொட் ஒருபோதும் திரும்பாது.

இனி ஒட்டும் வேலை. தலையைக் கட்டைவிரலால் மிக மெதுவாகப் பின்னுக்கு அழுத்தினால் பிளவு ஒரு தாளின் தடிப்புக்குத் திறக்கும். சிரிஞ்சால் வாய் நெடுகப் பசையை விடுங்கள். விட்டவுடன் அது உள்ளே போகாது, விளிம்பில் குமிழாக நிற்கும். அந்தக் குமிழ் மீது சைக்கிள் பம்பின் வாயை அரை அங்குலம் தள்ளிப் பிடித்து மெல்ல ஒருமுறை அமுக்குங்கள். குமிழ் சுருங்கி உள்ளே ஓடுவதைக் காணலாம். பிளவை மூடித் திறங்கள், மறுபடி பசை, மறுபடி பம்ப். பிளவின் மறுமுனையில், நீங்கள் பசை விடாத பக்கத்தில், வெள்ளையாக ஒரு மெல்லிய கோடு கசிந்து வரும் வரைக்கும் இதைச் செய்யுங்கள். அந்தக் கோடு வந்தால்தான் உள்ளே வெறும் மரம் இல்லை என்று அர்த்தம். வராமல் கிளாம்ப் போட்டவர்களின் கழுத்துதான் ஆறு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி திறக்கிறது.

பிறகு ரியூப். முதல் சுற்றை மெதுவாக, அடுத்தடுத்த சுற்றுகளை நன்றாக இழுத்து, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி சுற்றுங்கள். ஏழெட்டுச் சுற்றில் அது கொடுக்கும் அழுத்தம் வியப்பாக இருக்கும். பார்க்க வேண்டிய மூட்டு மறைந்துவிடக்கூடாது என்பதால், பிளவின் ஒரு விளிம்பை மட்டும் வெளியே தெரிய விடுங்கள். மேலே பலகைகளை வைத்து இரண்டு கிளாம்பையும் மாறிமாறி இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் வழுக்கும். வெளிவந்த பசையை ஈரத்துணியால் துடையுங்கள். நகத்தை மூட்டின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். தடக்கினால் இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது, தளர்த்திச் சரிசெய்யுங்கள்.

ஒரு நாள் முழுவதும் தொடாதீர்கள். கிளாம்பைக் கழற்றிய பிறகும் தந்தி ஏற்ற மூன்று நாள் பொறுங்கள். மாரி மழைக் காலமென்றால் ஒரு வாரம். நீர் கலந்த பசை காற்றும் மரமும் ஈரமாக இருக்கும்போது மெதுவாகவே காயும்.

குறுக்கே அறுந்த முறிவுக்கு இது போதாது. ஒட்டிக் காய்ந்தபின், கழுத்தின் பின்புறத்தில் ரொட்டுக்கு இரு பக்கமும் நீளவாக்கில் வாய்க்கால் வெட்டி, ஆறு மில்லிமீற்றர் அகலமான வயிர மரக் கீலங்கள் இரண்டை நார் நீளமாக ஓடும்படி பதிக்க வேண்டும். முதிரை நல்ல தெரிவு. ஆனால் வாய்க்கால் சிறிது உட்பக்கம் விலகிவிட்டால் ரொட்டின் மேல் போய் நிற்கும். இதை நான் என் கையால் செய்வதில்லை. ரவுட்டர் இயந்திரம் வைத்திருக்கும் தளபாடத் தச்சர் ஒருவரிடம் கொடுத்து அருகிலே நின்றுகொள்கிறேன். “தம்பி, கதவு நிலைக்கு இவ்வளவு கவனமாக அளப்பதில்லை” என்று அவர் சிரிப்பார். ஆனாலும் அளப்பார்.

ஒட்டின தழும்பை மறைப்பது உங்கள் விருப்பம். தளபாடத்துக்குப் பூசும் அரக்குப் பொலிஷை நான்கைந்து மெல்லிய தடவலாகக் கொடுத்தால் கைக்கு உறுத்தாது. நான் மறைப்பதில்லை. பின்னர் விற்கும்போது வாங்குபவருக்குத் தெரிய வேண்டும்.

மற்றச் சிறு காயங்கள்

கழுத்தை உடலோடு பிணைக்கும் நான்கு ஸ்குரூக்களில் ஒன்றிரண்டு சும்மா சுழன்றால் ஓட்டை தேய்ந்திருக்கிறது. தீக்குச்சி செருகுவது ஒரு வாரத்துக்கான வைத்தியம். ஆறு மில்லிமீற்றரில் ஓட்டையைப் பெரிதாக்கி, வயிர மரத்தில் சீவிய உருளைக் கட்டையைப் பசையோடு இறக்கி, காய்ந்தபின் மூன்று மில்லிமீற்றரில் புதிதாகத் துளையுங்கள். துளைகருவியில் ஆழத்துக்கு ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். பிரெட்டுகள் பதித்திருக்கும் விரற்பலகையைக் குத்திக்கொண்டு வெளியே வந்த ஊசிமுனையைப் பார்க்கும் வேதனை வேண்டாம். ஸ்குரூவுக்குச் சிறிது மெழுகு.

விரற்பலகையின் விளிம்பு கழுத்திலிருந்து தூக்கியிருந்தால் மேலே சொன்ன அதே பசை, அதே ரியூப்.

ரொட்டைத் திருப்புதல்

தலை ஒட்டிக் காய்ந்து, தந்திகள் ஏறி, சுருதிக்கு வந்த பிறகே இது. முதல் நாள் எல்லாத் தந்தியையும் ஒரு முழுச் சுரம் தாழ்த்தி வைத்துவிட்டுத் தூங்குங்கள். மறுநாள் முழுச் சுருதி. தடித்த ஈ தந்தி 41 ஹேர்ட்ஸ், அடுத்த ஏ 55, பின்னர் டி 73, ஜி 98. கைத்தொலைபேசியில் உள்ள சுருதிச் செயலி ஈ தந்தியைக் கேட்கத் தடுமாறினால் பன்னிரண்டாம் பிரெட்டில் விரலை மெல்ல வைத்து வரும் மேல்நாதத்தைக் காட்டுங்கள்.

இப்போது மூன்று தாள் சோதனை. வெளி அதிகமென்றால் ரொட்டை வலஞ்சுழியாக இறுக்குங்கள். வெளி இல்லையென்றால் இடஞ்சுழியாகத் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பி, சுருதி சேர்த்து, அளந்து, அடுத்த நாள் மறுபடி அளவுங்கள். மரம் உடனே பதில் சொல்வதில்லை.

அலன் சாவி சரியாகப் பொருந்துகிறதா என்பதை விரலாலேயே உணரலாம். 3/16 அங்குலச் சாவி 4.76 மில்லிமீற்றர், ஐந்து மில்லிமீற்றர்த் துளையில் அது ஆடும். ஆடும் சாவியால் பலமாகத் திருகியே அறுகோணத் துளைகளை வட்டமாக்குகிறார்கள். அதனால்தான் இரண்டு தொகுதி வாங்கச் சொன்னேன்.

ரொட் இறுகி நின்று திரும்ப மறுத்தால் பலத்தைக் கூட்டாதீர்கள். தந்திகளைத் தளர்த்தி, கழுத்தை அலுமினியப் பெட்டிக் குழாயோடு சேர்த்து இரு முனைகளிலும் கட்டைகள் வைத்து நடுவில் கிளாம்பால் மெல்லப் பின்னுக்கு வளைத்துவிட்டுத் திருப்புங்கள். வளைக்கும் வேலையைக் கிளாம்ப் செய்யட்டும். ரொட் அந்த நிலையைப் பிடித்துக்கொண்டால் போதும். மரையின் முடிவுக்கு வந்துவிட்டதென்றால், முறுக்குத் தலை வெளியே கழன்று வரும் பழைய வகைகளில், அதைக் கழற்றி ஒன்றிரண்டு சிறு வொஷர் போட்டால் இன்னும் சில சுற்றுகள் கிடைக்கும். எவ்வளவு திருப்பினாலும் தடையே இல்லையென்றால் ரொட் அறுந்திருக்கிறது. விரற்பலகையைப் பெயர்த்தெடுக்காமல் அதற்கு வழியில்லை.

வளைவு போகவில்லையென்றால்

சூடு கடைசி முயற்சி. கழுத்தை நேர்ப் பெட்டிக் குழாயில் கட்டி, வளைவுக்கு எதிராக ஆறேழு மில்லிமீற்றர் மிகையாக வளைத்து, ஸ்திரிக்கைப் பெட்டியைக் குறைந்த சூட்டில் தடித்த துணி மேல் வைத்து விரற்பலகையைச் சூடாக்க வேண்டும். கை வைத்தால் சில நொடிக்கு மேல் தாங்க முடியாத அளவு, ஏறக்குறைய 60 முதல் 70 பாகை. விரற்பலகைக்கும் கழுத்துக்கும் இடையிலுள்ள பசை இளகி, புதிய நிலையில் ஆறி இறுகும் என்பது எதிர்பார்ப்பு. கிளாம்பைக் கழற்ற ஓர் இரவு செல்ல வேண்டும். மூன்று கழுத்தில் செய்தேன். ஒன்று நின்றது, ஒன்று பாதி திரும்பிவந்தது, மூன்றாவதில் விரற்பலகையே நழுவிவிட்டது. ஒட்டிய தலையுள்ள கழுத்தில் சூட்டைத் தலைப்பக்கம் கொண்டுபோகவே கூடாது, நீங்கள் ஒட்டிய பசையும் இளகும். வெயிலில் தகரக் கூரைமேல் வைத்தால் நிமிரும் என்று சொல்பவர்களுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

முறுகிய கழுத்துக்கு என் யோசனை சுருக்கமானது: வேறு கழுத்து. போல்ட் வகையென்றால் மாற்றலாம். வாங்குமுன் நட்டிலிருந்து பன்னிரண்டாம் பிரெட் வரை 17 அங்குலமா, அடிப்பகுதியின் அகலம் உடலின் குழிக்குப் பொருந்துமா என்று அளந்துகொள்ளுங்கள்.

பிரெட்டுகள், கடைசியாக

கழுத்து நேரானபின்னும் ஓரிடத்தில் மட்டும் தந்தி இரைந்தால் அங்கே ஒரு பிரெட் உயர்ந்திருக்கிறது. வங்கி அட்டையின் விளிம்பை மூன்று பிரெட்டுகளுக்கு மேல் நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். நடுவில் உள்ளது உயரமென்றால் அட்டை சீசோப் பலகைபோல் ஆடும். முதலில் அந்தப் பிரெட் கிளம்பியிருக்கிறதா என்று பார்த்து, கட்டையை இடையில் வைத்து மெல்லத் தட்டி இறக்குங்கள். பல சந்தர்ப்பங்களில் அதோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால் மட்டும் தேய்ப்பு. பிரெட்டின் தலையில் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசி, நேரான அலுமினியத்தில் 400 இலக்க அரத்தாளை ஒட்டி நீளவாக்கில் உரசுங்கள். உயர்ந்ததில் மட்டும் கறுப்பு அழியும். தட்டையான தலையில் மறுபடி கறுப்புப் பூசி, நகைப்பட்டறை அரத்தால் இருபக்கமும் சரித்து உருட்டுங்கள். நடுவில் தலைமயிர் தடிப்பில் ஒரு கறுப்புக் கோடு மிஞ்ச வேண்டும். அந்தக் கோடு அழிந்தால் அதிகம் தேய்த்துவிட்டீர்கள். பிறகு 800, 1200, 2000. உலோகத்தூள் பிக்கப்பில் போய்ப் படியும், பிக்கப்பை டேப்பால் மூடிவிட்டுத் தொடங்குங்கள்.

தந்தியின் உயரம் பதினேழாம் பிரெட்டில் தடித்த பக்கம் 2.4, மெல்லிய பக்கம் 2 மில்லிமீற்றர் என்று, உடலில் தந்திகள் தாங்கி நிற்கும் பிரிட்ஜில் சரிசெய்யுங்கள். ஒட்டிய கழுத்துக்கு முதல் சில மாதங்கள் தடிப்புக் குறைந்த தந்தித் தொகுதி போடுவது என் வழக்கம்.

9,000 ரூபாக் கிற்றார் இப்போது என் மூலையில் நிற்கிறது. சாத்தி அல்ல, தாங்கியில். சோளகக் காற்றுக் காலத்தில் அதன் மூன்று தாள் இலகுவாகப் போய்வரும். ஐப்பசி கார்த்திகை மழை பிடித்து மரம் ஈரம் குடித்ததும் கழுத்து அசையும், ஒரு தாள்கூட நுழைய மறுக்கும். அப்போது கால் சுற்று இடஞ்சுழி, தை பிறந்து காய்ந்ததும் அதே கால் சுற்று வலஞ்சுழி. ஒட்டிய இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்ப்பதையும் அந்த இரண்டு நாள்களில் வைத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை தடக்கவில்லை.